தாளில்லா அலுவலகத்தில் ஒரு நோட்டு

சும்பர்வாராஸ் நகரக் குடிநீர் அலுவலகத்தில் தாள் ஒழிக்கப்பட்ட திங்கட்கிழமை காலை, ஊழியர் ஒவ்வொருவருக்கும் நூற்று நாற்பது பக்கப் புத்தகம் ஒன்று வழங்கப்பட்டது. தாளே இல்லாமல் வேலை பார்ப்பது எப்படி என்று அதில் விளக்கியிருந்தார்கள். நல்ல வழவழப்பான தாள்.

விநியோகப் பிரிவு எழுத்தர் ரத்மி அதை மார்போடு அணைத்துக்கொண்டு கொடிக்கம்பத்துக்கு எதிரே மூன்றாம் வரிசையில் நின்றாள். காக்கிச் சீருடையின் இடப்பக்கப் பையில் அவளுடைய சின்ன நோட்டு இருந்தது. உள்ளங்கை அகலம், ரெக்சின் அட்டை, பிரிந்துபோகாமலிருக்க ஒரு ரப்பர் வளையம். பதினேழு வருடமாக அது அந்தப் பையில்தான் இருந்தது. சலவைக்குப் போடும்போது மட்டும் வெளியே எடுப்பாள்.

இயக்குநர் ஹெந்தார்த்தோ மேடையேறினார். தலைநகரில் மூன்று நாள் பயிற்சி முடித்து வந்திருந்தவர். கையில் எட்டுப் பக்க உரை.

"அன்பர்களே! மூன்று நாட்களும் அந்தப் பயிற்சி அரங்கில் நான் ஒரு தாளைக்கூடக் காணவில்லை" என்று படித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "எழுதி வைத்துக்கொள்பவன் யார்? மறந்துவிடுவோமோ என்று பயப்படுகிறவன். பயப்படுகிற ஊழியர் நமக்குத் தேவையில்லை. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் எதையும் எழுதி வைப்பதில்லை. இந்த அலுவலகத்தில் என்ன நடக்கிறதென்று எனக்கு எதுவுமே ஞாபகமில்லை. ஆனாலும் அலுவலகம் நடக்கிறதா, இல்லையா?"

நடக்கிறது என்று எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு, இனிமேல் தாளைத் தொடுவதில்லை என்ற உறுதிமொழிப் பத்திரத்தில் ஆளுக்கு மூன்று பிரதியில் வருவாய் வில்லை ஒட்டிக் கையெழுத்துப் போட்டார்கள்.

தாளுக்குப் பதிலாக ஒரு செயலி வந்தது. அதற்குத் 'தெளிந்தவன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். தாள் ஒழிப்புக் குழுவின் தலைவி எர்லினா பலகைக் கணினி ஒன்றை ரத்மியின் மேசையில் வைத்து அதைத் திறந்து காட்டினாள். நகரின் வரைபடம் நீலமாக ஒளிர்ந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு வால்வுகளும் சின்னச் சின்ன மீன் கண்கள்போல மினுங்கின.

"ஒவ்வொரு வால்வையும் தொட்டு, அது எப்படியிருக்குன்னு தேர்ந்தெடுங்க, இபு ரத்மி. அவ்வளவுதான் வேலை." அந்த ஊரில் மரியாதைக்குப் பெண்களை 'இபு' என்றும் ஆண்களை 'பாக்' என்றும்தான் அழைப்பார்கள்.

ரத்மி பதினான்காம் வால்வைத் தொட்டாள். இரண்டு பதில்கள் வந்து நின்றன: நன்று, மிக நன்று.

"கெட்டுப்போயிருந்தா எதைத் தொடுறது?"

"கெட்டுப்போச்சுன்னு ஒண்ணு வெச்சா யாராவது அதைத் தொட்டுருவாங்க, இபு. அப்புறம் அது மாகாணத்துக்கு அறிக்கையாப் போயிடும். அதனால வெக்கல."

"பதினாலு இடப்பக்கம் திருப்பினாத்தான் திறக்கும். மூணரைச் சுத்து. நாலாவது சுத்து சுத்தினா மார்க்கெட் தெருவுல குழாய் வாயைப் பொளந்துக்கும். அதை எங்க எழுதுறது?"

எர்லினா அவளை இரக்கத்தோடு பார்த்தாள். "எழுதணும்னு தோணுது பாருங்க, அந்தப் பழக்கம்தான் போகணும்."

சும்பர்வாராஸின் குழாய்கள் ஒல்லாந்தர் காலத்தில் புதைத்தவை. பிறகு வந்தவர்கள் அவரவர் புத்திக்கு எட்டியபடி வெட்டி ஒட்டியிருந்தார்கள். சில வால்வுகள் வலப்பக்கம் திறக்கும், சில இடப்பக்கம். எந்த வரைபடத்திலும் இது கிடையாது. வால்வு திறக்கிற ஆட்கள் சேற்றில் குப்புறப் படுத்துக் கண்டுபிடித்து வந்து சொன்னதை ரத்மி நோட்டில் குறித்து வைத்திருந்தாள். முப்பத்தொன்றுக்கு நேரே, 'மூடி மேல் சதே கறி விற்கும் வண்டி நிற்கும், காலை ஒன்பது மணிக்குள் போ' என்று இருந்தது. அறுபத்தாறுக்கு நேரே, 'தொடாதே. ஏன் என்று தெரியாது. தொட்டவர்கள் தொடாதே என்றார்கள்.' எண்பத்தெட்டுக்கு ஒரு முழுப் பக்கம். மேட்டுத் தெருப் பிரசவ விடுதிக்குத் தண்ணீர் ஏற வேண்டுமென்றால் எதை முதலில் மூடி, எதை எவ்வளவு திறக்க வேண்டும் என்பது அதில் நீல மையிலும், குழாய் பழுது பார்த்த பிறகு செய்த திருத்தம் ஓரத்தில் சிவப்பு மையிலும் இருந்தன.

அந்த வருடம் மழை பெய்து மூன்று மாதமாகியிருந்தது. ஊருக்கு நீர் தரும் மூன்று ஊற்றுகளில் இரண்டு வற்றிவிட்டன. ஒன்றிலிருந்து வருவதைத் தெருத் தெருவாக முறை வைத்து விட வேண்டியிருந்தது. தாளை ஒழிப்பதற்கு இயக்குநர் தேர்ந்தெடுத்த காலம் அது. ஏனென்றால் 'மாகாணத்தின் முதல் தாளில்லா அலுவலகம்' விருதுக்கு மதிப்பீட்டுக் குழு அடுத்த மாதம் வரவிருந்தது.

முன் கூடத்தில் 'தாள் சரணடைவுப் பெட்டி' ஒன்று வைத்தார்கள். ரத்மி தன் மேசைக்கு மேல் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டுகளைக் கிழித்து அதில் போட்டாள். நோட்டை மட்டும் போடவில்லை. வால்வுக்காரன் பர்னோவும் மற்றவர்களும் காலையில் போன் பண்ணும்போது கழிப்பறைக்குள் போய் நின்று, பக்கத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருவாள். அவளுக்கு வயிறு சரியில்லை என்று அலுவலகம் முழுக்கப் பேச்சானது.

வாரந்தோறும் பைச் சோதனை நடந்தது. கணக்குப் பிரிவுக்காரரிடம் காய்கறிப் பட்டியல் அகப்பட்டது. காவலாளியிடம் தொழுகை நேர அட்டவணை அகப்பட்டது. எதிர்க்கடை ஜும் அம்மாள் மதியச் சோற்றைக் கட்டிக் கொடுக்கும் பழுப்புத் தாள் பற்றிக் குழு ஒரு பிற்பகல் முழுக்க விவாதித்தது. எழுத்தில்லாதவரை சோற்றுத் தாள் தாளாகாது என்று முடிவாயிற்று. ஜும் அம்மாளோ எது காரம், எது காரமில்லாதது என்று பொட்டலத்தின் மேல் பேனாவால் குறிப்பவள். அது தடைசெய்யப்பட்டது. மறுநாள், வயிற்றுப்புண்ணுக்கு மாத்திரை சாப்பிடும் பதிவறைக் கிழவர் யாருடைய மிளகாயையோ தின்றுவிட்டு இரண்டு நாள் விடுப்பில் போனார். விடுப்பு விண்ணப்பத்தில் உடல்நிலை என்ற இடத்தில் அவர் 'நன்று' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது.

இரண்டாவது வாரம் ரத்மி உள்ளங்கையில் எழுதி மாட்டிக்கொண்டாள். கழிப்பறைக்கு அடிக்கடி போவதை எர்லினா கவனிக்கத் தொடங்கியிருந்ததால், அன்றைக்குத் தேவையான நாலைந்து வால்வுகளின் கணக்கைக் கையில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். எர்லினாவுக்குக் கை கொடுக்கும்போது மை தெரிந்துவிட்டது.

உள்ளங்கை தாளா, இல்லையா என்று குழு மூன்று மணி நேரம் ஆராய்ந்தது. ரத்மி கையை விரித்து நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் எர்லினா தீர்ப்பை வாசித்தாள்: "தோல், தாள் அல்ல. ஆனால் அதில் எழுத்து இருக்கும்வரை அது தாளின் வேலையைச் செய்கிறது. கழுவியதும் மீண்டும் தோலாகிவிடும். ஆகவே ஊழியர் கையைக் கழுவ வேண்டும்."

கழுவப் போனாள். அலுவலகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. எச்சில் தொட்டுப் பாவாடையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, எர்லினா அவளுடைய சட்டைப்பையின் வீக்கத்தைப் பார்த்தாள்.

"அது என்ன, இபு?"

நோட்டைப் பறிமுதல் செய்ததற்கு ஆவணம் தேவைப்பட்டது. அன்று காலை 'தெளிந்தவன்' தூங்கிக்கொண்டிருந்தான், எழுப்ப முடியவில்லை. அதனால் ஆவணத்தைக் கையால் மூன்று பிரதி எழுத வேண்டியதாயிற்று. அலுவலகத்திலேயே எடுப்பான கையெழுத்து ரத்மியுடையதுதான் என்பதால் அவளையே எழுதச் சொன்னார்கள். 'மேற்படி ஊழியர் எழுதிக்கொண்டிருந்த குற்றத்துக்காக' என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தாள்.

"இப்பிடி ஒண்ணு நடக்கும்னு தெரிஞ்சா போன்ல படம் எடுத்து வெச்சிருக்கலாமேக்கா" என்றான் பர்னோ, வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு. முழங்கால்வரை சேறு காய்ந்த, நாற்பது வயது ஆள்.

"சொந்தச் சட்டைப்பையை எவடா படம் எடுத்து வெச்சுப்பா?" என்றாள் ரத்மி.

நோட்டை அவர்கள் அழிக்கவில்லை. அழித்திருந்தால்கூட அவள் அழுது தீர்த்துவிட்டு ஞாபகத்திலிருந்து தொடங்கியிருப்பாள். மதிப்பீட்டுக் குழுவுக்குக் காட்டுவதற்காக முன் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து, அதற்குள் நோட்டை விரித்து வைத்துப் பூட்டினார்கள். கீழே 'நேற்று' என்று எழுதிய பலகை. பக்கத்தில் பலகைக் கணினி ஒன்று, கீழே 'இன்று'.

விரித்திருந்தது பதினான்காம், பதினைந்தாம் வால்வுகளின் பக்கம். ரத்மி காலையில் வந்ததும் கண்ணாடியில் மூக்கு பட நின்று படிப்பாள். மார்க்கெட் தெருவுக்கும் அதன் பின் சந்துக்கும் அந்த வாரம் தண்ணீர் அமோகமாக வந்தது. மற்ற இருநூற்றுப் பத்து வால்வுகளுக்கும் அவள் தலைக்குள்தான் தேட வேண்டியிருந்தது.

"பாக், ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் திருப்பச் சொல்லுங்க" என்று இயக்குநரின் அறையில் போய்க் கெஞ்சினாள்.

"எனக்கு ஆட்சேபணை இல்ல, இபு ரத்மி. முறையா விண்ணப்பம் பண்ணுங்க. காட்சிப் பொருளை நான் நெனச்சபடி புரட்டினா நாளைக்கு யாரு வேணா எதை வேணா புரட்டுவாங்க. அப்புறம் நிர்வாகம்னு ஒண்ணு எதுக்கு?"

செயலியில் விண்ணப்பித்தாள். மூன்று வேலை நாள் கழித்து அனுமதி வந்தது. பெட்டிச் சாவி வைத்திருந்த ஆவணக் காப்பாளர் வந்து பயபக்தியோடு திறந்து, ஒரு பக்கம் திருப்பிப் பூட்டினார். பின்னால் திருப்பிவிட்டார். பன்னிரண்டும் பதின்மூன்றும் வந்தன. அந்த இரண்டு வால்வுகளும் ஆறு வருடத்துக்கு முன்பே சாலை போட்டபோது புதைந்துபோனவை.

அந்த வாரம்தான் மேட்டுத் தெருப் பிரசவ விடுதியின் மருத்துவச்சி கஸ்மி புகார் முகப்புக்கு வந்தாள். இறுகிய முகம், பருமனான உடம்பு. இரண்டு கையிலும் காலிக் குடங்கள்.

"அஞ்சு நாளாச்சு. ஒரு சொட்டு ஏறல. பிரசவம் பார்த்துட்டு கையை ஈரத் துணியில தொடைச்சுட்டு இருக்கேன்."

எர்லினா கணினியைத் திருப்பிக் காட்டினாள். "உங்க விடுதிக்கு இருபத்துநாலு மணி நேரமும் தண்ணி வந்துட்டிருக்கு, இபு. பாருங்க, நல்ல நீலம்."

கஸ்மி ஒரு குடத்தைத் தூக்கி அந்தக் கணினியின் மேல் கவிழ்த்துப் பிடித்தாள். "இந்த நீலத்தை எப்பிடிப் புடிக்கிறது? ஊத்துங்க, பார்ப்போம்."

ரத்மியால் அங்கே நிற்க முடியவில்லை. கஸ்மியைப் பின்வாசலுக்கு அழைத்துப் போய்த் தன் போன் நம்பரைக் கொடுத்தாள். பிறகு சுவரில் சாய்ந்து கண்ணை மூடி எண்பத்தெட்டாம் பக்கத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். நீல மை முழுதும் வந்தது. அரைச் சுற்று மூடு, பிறகு தொண்ணூற்றொன்றைத் திற. ஓரத்துச் சிவப்பு மை இருந்த இடமும் அதன் சாய்வும்கூட வந்தன. என்ன எழுதியிருந்தாள் என்பது மட்டும் வரவில்லை. நீல மையை மட்டும் நம்பிப் பர்னோவுக்குச் சொன்னாள். கால் மணி நேரத்தில் பேருந்து நிலையத்தின் முன் தார்ச் சாலையைப் பிளந்துகொண்டு தண்ணீர் தென்னை உயரம் பீச்சியது. ஊரின் ஒரு நாள் தண்ணீர் வாய்க்காலுக்குப் போயிற்று. அங்கே பெண்கள் வாளியோடு ஓடிவந்து சேற்றுத் தண்ணீரை மொண்டதை ரத்மி சாலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். செயலியில் அந்த இடம் 'மிக நன்று' என்று இருந்தது.

மதிப்பீட்டுக் குழு வியாழக்கிழமை வந்தது. எல்லோரும் பாத்திக் சட்டையில் இருந்தார்கள். மேசைகள் துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தன. மாகாணத்திலிருந்து வந்த மூவரில் தலைவர் தடித்த, மூச்சு வாங்குகிற மனிதர். இயக்குநர் பெரிய திரையில் வரைபடத்தைக் காட்டினார்.

"ஒரு புகார்கூட இல்லை, ஐயா. தாள் இருந்த காலத்தில் மாதம் முந்நூறு புகார் வரும். மக்கள் எழுதிக் கொடுப்பார்கள். இப்போது எழுதிக் கொடுத்தால் வாங்குவதில்லை. புகார் பூஜ்யம்!"

குழுத் தலைவர் தலையாட்டிப் பாராட்டினார். ஆளுக்கொரு சிற்றுண்டிப் பெட்டி வந்தது. வாழையிலைக் கொழுக்கட்டை, வறுத்த தௌ என்னும் சோயாக் கட்டி, ஒரு பிளாஸ்டிக் கோப்பைத் தண்ணீர். தின்று முடித்த தலைவர் கழிப்பறை எங்கே என்று கேட்டுப் போனார்.

பத்து நிமிடம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாராவது இருக்கீங்களா? குழாயில தண்ணி வரலையே!"

இயக்குநரின் முகம் வெளுத்தது. ரத்மியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன் கூடத்துக்கு ஓடினார்.

"நம்ம ஆபீஸுக்கு எந்த வால்வு?"

"எழுபத்துமூணு, பாக்."

"தெறக்கச் சொல்லு!"

"எத்தனை சுத்துன்னு அதுலதான் இருக்கு." கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள்.

சாவி ஆவணக் காப்பாளரிடம் இருந்தது. ஆவணக் காப்பாளர் சுரபாயாவில், தாளில்லா ஆவணக் காப்பகம் பற்றிய நான்கு நாள் பயிற்சியில் இருந்தார். இயக்குநர் சுற்றும் முற்றும் பார்த்தார். சுவரலமாரியில் இருந்த பழைய தூய்மைக் கேடயம் ஒன்றை எடுத்துக் கண்ணாடியில் ஓங்கி அடித்தார். இரண்டாவது அடியில் உடைந்தது. நோட்டை எடுத்துக் கண்ணாடித் தூளோடு அவள் கையில் திணித்தார்.

"சீக்கிரம்! நான் அவருக்குத் தண்ணிக் கோப்பை அனுப்பிட்டிருக்கேன்."

ரத்மி ஜன்னலோரம் போனாள். ரப்பர் வளையம் அறுந்திருந்தது. போனை எடுத்தபோது கஸ்மியிடமிருந்து அரை மணி நேரத்துக்கு முன் வந்த செய்தி திரையில் நின்றது. 'ரெண்டு பேருக்கு வலி. அரைக் குடம் மிச்சம். ஏதாவது பண்ணு தாயே.'

ஊர்த் தொட்டியில் அன்றைக்கு மிச்சமிருந்தது ஒரு குழாய்த் தடத்துக்குத்தான் போதும். மேட்டுக்கு ஏற்றினால் அலுவலகத்துக்கு வராது. அலுவலகத்துக்கு விட்டால் மேட்டுக்கு ஏறாது. பதினேழு வருடத்தில் மேலதிகாரி சொன்ன எதையும் அவள் மறுத்ததில்லை. மகள் செமராங்கில் செவிலியர் படிப்பு இரண்டாம் வருடம். கணவனுக்குக் கண் புரை. நோட்டு தானாகவே எழுபத்துமூன்றாம் பக்கத்தில் விரிந்துகொண்டது. அவள் அதைக் கடந்து புரட்டினாள். எண்பத்தெட்டில் ஓரத்துச் சிவப்பு மை இருந்தது: 'முதலில் தொண்ணூறை முழுதாக மூடு.'

"பர்னோ, மேட்டுத் தெரு போ. மொதல்ல தொண்ணூறை முழுசா மூடு. நல்லாக் கேட்டுக்கோ, முழுசா. அப்புறம் எண்பத்தெட்டு அரைச் சுத்து மூடு. அதுக்கப்புறம் தொண்ணூத்தொண்ணு, வலப்பக்கம் அஞ்சு சுத்து. ஓடு."

"ஆபீஸுக்குத் திறக்கணும்னு இப்பத்தான் ஐயாவோட டிரைவர் போன் பண்ணான்க்கா."

"நான் சொல்றதைச் செய்யுடா!"

இயக்குநர் தாழ்வாரத்திலிருந்து கத்தினார். "வருதா?"

"வந்துட்டிருக்கு, பாக்" என்றாள். பொய்யில்லை. மேட்டுத் தெருவில் வந்துகொண்டிருந்தது.

குழுத் தலைவருக்குக் கதவிடுக்கு வழியாகப் பதினாறு பிளாஸ்டிக் கோப்பைத் தண்ணீரை ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். வெளியே வந்த அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, நீர்ச் சிக்கனத்தில் இவ்வளவு கண்டிப்பான அலுவலகத்தைத் தாம் பார்த்ததில்லை என்று சொன்னார். அலுவலகத்துக்கு முதல் பரிசு கிடைத்தது.

அடுத்த வாரம் ரத்மியின் மேல் விசாரணை நடந்தது. அனுமதியில்லாமல் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் விட்டாள் என்று எர்லினா குற்றச்சாட்டை வாசித்தாள். இயக்குநர் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி போனது குத்தமில்ல" என்றார் இயக்குநர். "எப்பிடிப் போச்சுங்கறதுதான் குத்தம். செயலியில ஒரு பதிவும் இல்ல. பதிவில்லாமப் போன தண்ணி போகாத தண்ணி. சரி, அதை விடுங்க. பிரசவ விடுதி அன்னைக்கும் நீலமாத்தான் இருந்திருக்கு. அதாவது அவங்களுக்குத் தண்ணி இருந்திருக்கு. இருக்கிற எடத்துக்கே மறுபடியும் விட்டிருக்கீங்க. இந்தப் பஞ்சத்துல இது எவ்வளவு பெரிய விரயம்!"

கஸ்மி சாட்சி சொல்ல வந்திருந்தாள். யாரும் கூப்பிடாமலே எழுந்தாள். "ரெண்டும் பொட்டப்புள்ள. ரெண்டும் நல்லாயிருக்கு. குளிப்பாட்டி வெச்சிருக்கேன், வந்து பாருங்க. அதுங்க என்ன உங்க நீலத்துலயா குளிச்சுது?"

"அப்போ அரசாங்கச் செயலி பொய் சொல்லுதுன்னு சொல்றீங்களா?" என்று இயக்குநர் கேட்டார்.

"ஆமா. கொண்டாங்க, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

எழுதிக் கொடுப்பதை வாங்கும் வழக்கம் இப்போது இல்லை என்று எர்லினா விளக்கினாள்.

ரத்மியை வேலையிலிருந்து நீக்குவதென்று முடிவாயிற்று. எர்லினா செயலியைத் திறந்து அவள் பெயரைத் தேடினாள். மறுபடியும் தேடினாள். இயக்குநரின் காதில் ஏதோ சொன்னாள். பதினேழு வருடமாக ஒப்பந்த ஊழியராக இருந்தவளின் உத்தரவுகள் எல்லாம் கோப்பில் இருந்தன. கோப்புகளைப் போன மாதம் அரைத்துக் கூழாக்கி முட்டைத் தட்டு செய்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். செயலியில் ஏற்ற மறந்துவிட்டார்கள்.

இயக்குநர் யோசித்துவிட்டுச் சொன்னார். "இங்க வேலையே பார்க்காதவங்களை நீக்கறதுக்கு விதி கெடையாது. அதனால உங்களை நீக்கல, இபு ரத்மி. நிம்மதியாப் போங்க."

"பதினேழு வருஷம், பாக்."

"ஆதாரம் இருக்கா?"

அவள் மேசையில் கை ஊன்றியபோது அங்கே சான்றாக வைத்திருந்த நோட்டு கையில் பட்டது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அதை வைங்க, இபு! அது ஆபீஸ் சொத்து" என்றாள் எர்லினா.

"ஆபீஸ்ல தாளே கெடையாதுன்னு பரிசு வாங்கியிருக்கீங்க. அப்போ இது உங்களோடதா இருக்க முடியாதே" என்று ரத்மி மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. தினமும் காலை சீருடை உடுத்திக்கொண்டு கிளம்பி வந்து, அலுவலகத்துக்கு எதிரே ஜும் அம்மாள் கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். மாலை அலுவலக நேரம் முடிந்ததும் வீட்டுக்குப் போனாள். மாதக் கடைசியில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஜும் அம்மாள் எதுவும் கேட்காமல் காப்பி வைத்துவிட்டுப் போவாள்.

மூன்றாம் நாளே பர்னோ சைக்கிளில் வந்து நின்றான். "அக்கா, அறுபத்தொண்ணு எந்தப் பக்கம்?"

"தெளிஞ்சவன்கிட்டக் கேளு."

"கேட்டேன். மிக நன்றுங்குது."

"நான் அங்க வேலை பார்க்கல, பர்னோ. வேலை பார்த்ததே இல்லையாம்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் போகாமல் நின்றான். பள்ளிவாசல் தெருவில் நாலு நாளாகத் தண்ணீர் இல்லை என்று மட்டும் சொன்னான். அவள் நோட்டைத் திறந்தாள். "வலப்பக்கம். ரெண்டே கால். போ, என் கண்ணு முன்னால நிக்காதே."

அதற்குப் பிறகு வால்வுக்காரர்கள் ஏழு பேரும் வந்தார்கள். அவள் சொன்னாள். பெஞ்சில் உட்கார்ந்து ஊருக்குத் தண்ணீர் விட்டாள். செயலியில் எல்லாம் நீலமாகவே இருந்தது.

இருபத்தாறாம் தேதி காலை இயக்குநரின் டிரைவர் தோயோ தெருவைக் கடந்து வந்தான். தலையைச் சொறிந்தான்.

"அக்கா, ஐயா வீட்டுத் தெருவுல மூணு நாளாத் தண்ணியில்ல. சனிக்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்தம். முந்நூறு பேர் வர்றாங்க. எந்த வால்வு, எத்தனை சுத்துன்னு ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்தீங்கன்னா யாருக்கும் தெரியாமக் கொண்டுபோயிடுவேன்."

ரத்மி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"வாயால கேட்டா எனக்கு எதுவும் புரியறதில்லடா. எழுதித் தரச் சொல்லு."

"எழுதியா?"

"அவரே கையால எழுதணும். யாருக்கு எழுதறாரு, அவங்க என்ன வேலையில இருக்காங்க, எத்தனை வருஷமா இருக்காங்க, என்ன தகவல் வேணும்னு முறைப்படி எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போடணும். இந்த ஊர்ல எத்தனையோ ரத்மி. எந்த ரத்மியைக் கேக்கறாருன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

முறைப்படி என்ற சொல்லைக் கேட்டால் இயக்குநரால் மறுக்க முடியாது. ஒரு மணி நேரத்தில் தோயோ திரும்பி வந்தான். நான்காக மடித்த வெள்ளைத் தாள்.

'சும்பர்வாராஸ் நகரக் குடிநீர் அலுவலக விநியோகப் பிரிவில் பதினேழு ஆண்டுகளாகப் பணிபுரியும் எழுத்தர் திருமதி ரத்மி அவர்களுக்கு. மல்லிகைத் தெரு வால்வைத் திறக்கும் முறையைத் தயவுகூர்ந்து தெரிவிக்கவும். ஹெந்தார்த்தோ, இயக்குநர்.' கீழே தேதி. பழக்கத்தில் அலுவலக முத்திரையையும் குத்தியிருந்தார்.

கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. இவ்வளவு அழகாக எழுதத் தெரிந்த மனிதர் என்று ரத்மி நினைத்தாள். இரண்டாவது தடவை படிக்கும்போது எழுத்துக்கள் கலங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாளை மடித்த மடிப்பு கலையாமல் நோட்டின் நடுவில் வைத்தாள்.

"நூத்து நாலு. இடப்பக்கம், மூணேகால் சுத்து" என்றாள் தோயோவிடம். "கடைசிக் கால் சுத்தை மெதுவாத் திருப்பச் சொல்லு."

பிறகு எழுந்து சீருடையை நீவிவிட்டுக்கொண்டு, தொழிலாளர் நல அலுவலகம் போகும் பேருந்து எத்தனை மணிக்கு என்று ஜும் அம்மாளிடம் கேட்டாள்.